20-ம் தேதிக்குத் தவிக்காமல் இருக்க: கணக்குப் பிரிவு மேஜையில் நேரத்தை ஒழுங்குபடுத்தும் வழி

காலையில் வந்ததும் மூன்று முக்கிய வேலைகளை எழுதி வையுங்கள், கஷ்டமானதை முதலில் முடியுங்கள், போனைத் தள்ளி வையுங்கள். நேர நிர்வாகம் என்று எங்கே தேடினாலும் இந்த மூன்றும் கிடைக்கும். சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்கு இவை அவ்வளவாக உதவாது. எது முக்கியம் என்பதை அவருக்குப் பதிலாக ஜிஎஸ்டி போர்ட்டல் முடிவு செய்துவிடுகிறது. போனைத் தள்ளி வைத்தால் பார்ட்டி (நம்மிடம் வாங்குபவரோ விற்பவரோ) அனுப்பிய பில் அதிலேயே கிடக்கும்.

இந்த நாற்காலியில் முதலில் மாதத்தைத் திட்டமிட வேண்டும். நாள் அதற்குள் தானாக அமைந்துகொள்ளும். கணக்குப் பிரிவில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இருந்து, டாலி என்ற கணக்கு மென்பொருளிலும் எக்ஸெலிலும் வேலை பார்த்து, மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது இது.

முதலில் ஒரு தாள், இரண்டு நிறப் பேனா

ஒரு ஏ4 தாளில் கெடு தேதிகளை நீலத்தில் எழுதுங்கள். 7-ம் தேதி டிடிஎஸ் (பிறருக்குப் பணம் தரும்போது பிடித்து வைத்த வருமான வரி) கட்டுவது. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை பில்களின் விவரம். 14-ம் தேதி 2பி வரும்; நாம் வாங்கியவற்றில் எந்தெந்த பில்லின் வரியைக் கிரெடிட்டாகக் கழிக்கலாம் என்று போர்ட்டல் தரும் பட்டியல் அது. 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ம் தேதி 3பி, அதாவது அந்த மாத ஜிஎஸ்டியைக் கட்டிப் போடும் ரிட்டர்ன். இவை மாதாந்திரம். காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்னுக்கு ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. அட்வான்ஸ் டாக்ஸுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ம் தேதி. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து காலாண்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கணக்கு வேறு: முதல் இரண்டு மாதங்களுக்கும் அதனதன் மறுமாதம் 25-ம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டிவிட்டு, தமிழ்நாட்டில் 3பி-யைக் காலாண்டு முடிந்த மறுமாதம் 22-ம் தேதிக்குள் போட வேண்டும்.

இப்போது சிவப்புப் பேனா. ஒவ்வொரு நீலத் தேதிக்கும் பக்கத்தில் உங்கள் சொந்தக் கெடுவை எழுதுங்கள்: டிடிஎஸ் 5, ஜிஎஸ்டிஆர்-1 9, பிஎஃப் 12, 3பி 18. கடைசி நாளில் போர்ட்டல் ஆமை வேகத்தில் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம், கடைசி நாளில் உங்களுக்குத் தேவைப்படும் ஆள் கிடைக்கமாட்டார். முதலாளி விமானத்தில் இருப்பார், ஆடிட்டர் அலுவலகத்தில் போன் பிஸியாகவே இருக்கும். இரண்டு நாள் முன்னதாக என்றால் எல்லோரும் எட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

மூன்றாவதாக ஒரு வரிசையும் வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். உங்களுக்கு விவரம் தர வேண்டியவர்கள் எந்தத் தேதிக்குள் தர வேண்டும்? சேல்ஸ் பிரிவு போன மாதத்தின் கடைசி பில் எண்ணையும் கேன்சல் ஆன பில்களையும் 2-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு 3-ம் தேதிக்குள், கிரெடிட் நோட்டுகள் (போட்ட பில்லின் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டுகள்) 5-ம் தேதிக்குள், டிரைவர்களும் ஃபீல்டு ஆட்களும் கொடுக்கும் செலவுச் சீட்டுகள் மாதக் கடைசி வேலை நாளுக்குள். இந்தத் தாளின் நகலை அந்தந்தப் பிரிவுத் தலைவருக்கு ஒரு முறை முதலாளி கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பினால் கோரிக்கை, அவர் அனுப்பினால் உத்தரவு.

தாமதத்தின் விலையையும் தாளின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது, வாதாடும்போது கைகொடுக்கும். ஜூலை 10 அன்று பிடித்த 50,000 ரூபாய் டிடிஎஸ்ஸை ஆகஸ்ட் 7-க்குள் கட்டினால் வட்டி இல்லை. ஆகஸ்ட் 8-ல் கட்டினால், பிடித்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், மாதத்தின் பகுதியும் முழு மாதம்; ஜூலை ஒன்று, ஆகஸ்ட் ஒன்று என இரண்டு மாதம். ஒரே ஒரு நாளுக்கு 1,500 ரூபாய். 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பிஎஃப் தாமதத்துக்கு 12 சதவீத வட்டியோடு அபராதத் தொகையும் சேரும். ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால் அபராதத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு: உங்கள் பில்கள் வாங்கியவரின் அந்த மாத 2பி-யில் வராது. 14-ம் தேதி மதியத்திலிருந்து போன் அடிக்கத் தொடங்கும்; சில பார்ட்டிகள் ஜிஎஸ்டி தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். அதைத் திரும்ப வசூலிக்க ஆகும் நேரம் யாருடைய கணக்கிலும் வராது.

21 முதல் மாதக் கடைசி வரை

3பி முடிந்த மறுநாள் அலுவலகமே இளைப்பாறும். தவறில்லை, ஒரு நாள் இளைப்பாறலாம். ஆனால் அடுத்த மாதம் நிம்மதியாக இருக்குமா என்பது இந்தப் பத்து நாளில்தான் முடிவாகிறது. தள்ளிப்போட்ட எல்லாம் இங்கே வர வேண்டும்: சஸ்பென்ஸ் லெட்ஜரை (எந்தக் கணக்கு என்று தெரியாமல் தற்காலிகமாகப் போட்ட பதிவுகளை) காலி செய்வது, பெரிய சப்ளையர்களின் லெட்ஜரை வாங்கி ஒப்பிடுவது, 90 நாளைத் தாண்டிய பாக்கிகளைப் பட்டியலிட்டு சேல்ஸிடம் கொடுப்பது, டிடிஎஸ் பிடித்தவர்களின் பான் எண்களைச் சரிபார்ப்பது.

பான் சரிபார்ப்பு சின்ன வேலை மாதிரித் தெரியும். பான் தவறாக இருந்தாலோ செல்லாததாக இருந்தாலோ 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று பின்னால் நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் எழுதி, திருத்திய ரிட்டர்ன் போட அரை நாள் போகும். புதிய கான்ட்ராக்டரின் முதல் பில்லுக்குப் பணம் போவதற்கு முன்பே பான் அட்டையின் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வாங்கிவிடுங்கள். பணம் போன பிறகு கேட்டால் வராது.

மாதத்தின் கடைசி இரண்டு நாளில் வங்கி, ரொக்கம், பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான பணம்) மூன்றும் அன்றைய தேதி வரை சரியாக நிற்க வேண்டும். இதை முடித்தவருக்கு 1-ம் தேதி புதிய மாதமாகத் தொடங்கும். முடிக்காதவருக்குப் பழைய மாதத்தின் 31-ம் தேதி இன்னும் ஒரு வாரம் நீளும்.

நாளின் அமைப்பு

வந்தவுடன் மெயிலையும் வாட்ஸ்அப்பையும் திறக்காதீர்கள். முதல் 40 நிமிடம் வங்கிக்கு. நேற்றைய ஸ்டேட்மென்டை இறக்கி, வரவு, பற்று, வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் பதிவு செய்து, டாலியின் இருப்பும் வங்கியின் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாளுக்கு 20, 30 பதிவு என்றால் இந்த நேரம் போதும். ஒரு வாரம் விட்டால் 150 பதிவு. அதற்கு ஒரு முழு மதியம் போதாது. காரணம் எண்ணிக்கை மட்டுமில்லை. ‘இந்த 14,750 யாருடையது?’ என்று மறுநாளே கேட்டால் பதில் கிடைக்கும், ஏழு நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

வங்கி முடிந்ததும், சுமார் பத்தேகால் மணிக்கு, நேற்று வந்த வரவுகளைப் பார்ட்டி பெயரும் தொகையுமாக சேல்ஸ் குரூப்பில் போட்டுவிடுங்கள். ‘பணம் வந்துச்சா?’ என்று கேட்டு வரும் போன்கள் அதோடு பெருமளவு அடங்கிவிடும். மேஜையில் நேரத்தைத் தின்னும் கேள்விகளில் பாதி, பதில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் கேள்விகள்தான்.

பிறகு மெயில், வாட்ஸ்அப், அன்றைய பில்கள். 11 முதல் 1 வரை கவனம் தேவைப்படும் வேலை: கொள்முதல் பதிவு, ஒப்பிடல், சம்பளக் கணக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஸ்கேன் செய்வது, ஃபைலில் கோர்ப்பது, பெட்டி கேஷ் வவுச்சர் எழுதுவது போன்றவற்றை வையுங்கள். அந்த நேரத்தில் பேமென்ட் போடக்கூடாது. 54,300-க்கு 45,300 போவது பெரும்பாலும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான்.

பேமென்ட் மூன்றரை மணிக்கு மேல். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகலாக நடக்கின்றன. அதனால் ‘பேங்க் டைம் முடிஞ்சுபோச்சு’ என்பது இப்போது காரணமே இல்லை. தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பதிவேற்றியதை முதலாளி தன் போனில் ஒப்புதல் தர வேண்டும். அவர் டீ குடிக்கும் நேரம் எது, மீட்டிங் முடியும் நேரம் எது என்று தெரிந்துகொண்டு அதற்கு 15 நிமிடம் முன்னால் பட்டியல் தயாராக இருக்கட்டும். புதிய பெயரைப் பயனாளியாகச் சேர்த்தால் பல வங்கிகளில் முதல் சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோ தொகைக் கட்டுப்பாடு இருக்கும். நாளை பெரிய தொகை போக வேண்டுமென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

‘ஒரு நிமிஷம் சார்’

கணக்குப் பிரிவுக்கு வருகிறவர் யாரும் அரை மணி நேரம் கேட்பதில்லை. ஒரு நிமிஷம்தான் கேட்பார். டிரைவருக்கு டீசல் பணம், ஸ்டோர்ஸுக்கு ஒரு கையெழுத்து, சேல்ஸுக்கு ஒரு லெட்ஜர். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு எந்த வவுச்சரில் இருந்தோம் என்று தேடுவதற்குத்தான் ஐந்து நிமிடம் ஆகிறது.

எழுந்திருப்பதற்கு முன், தலை நிமிர்வதற்கும் முன், ஒரு துண்டுச் சீட்டில் நிற்கும் இடத்தை எழுதுங்கள். ‘17-ம் தேதி, 212 வரை முடிந்தது, 213-ல் லாரி வாடகை பார்க்கணும்’ என்று இவ்வளவு போதும். அந்தச் சீட்டை கீபோர்டின் மேல் வையுங்கள், பக்கத்தில் இல்லை. திரும்பி வந்ததும் அதை எடுத்தால்தான் தட்டச்சு செய்ய முடியும். கட்டுக் கட்டாகப் பில் பதிவு செய்யும்போது, பதிவான ஒவ்வொரு பில்லிலும் வவுச்சர் எண்ணை மூலையில் எழுதுங்கள். ஒரே பில் இரண்டு முறை ஏறுவதை இதைவிட மலிவாகத் தடுக்க வழியில்லை.

பெட்டி கேஷுக்கு நேரம் வையுங்கள்: காலை பதினொன்றரை, மாலை நான்கு. மருத்துவ அவசரம், வண்டி நடுவழியில் நிற்பது இவை தவிர மற்ற எல்லாம் இந்த இரண்டு நேரத்தில். சப்ளையர் பணத்துக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்தால், ‘என் பேமென்ட் எப்போ?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கும். முதல் மூன்று வாரம் யாரும் இதை மதிக்கமாட்டார்கள். நான்காவது வாரம் பழகிவிடுவார்கள். ஆனால் இடையில் ஒரே ஒரு ஆளுக்கு விதிவிலக்குக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பில் வாங்குவதற்கும் ஒழுங்கு வேண்டும். மேஜையில் ஒரு ட்ரே, ஒரு இன்வர்டு நோட்டு. ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) இல்லாத பில், பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாத பில், நம் ஜிஎஸ்டி எண் தவறாக அச்சிட்ட பில் இவை ட்ரேக்குள் வரவே கூடாது. கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கலாம் என்றால், அந்தக் குறையைத் தீர்ப்பது உங்கள் வேலையாகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும் பில்களுக்குத் தனி குரூப் வையுங்கள், அதில் பில் தவிர வேறு எதுவும் போடக்கூடாது. நாளுக்கு ஒரு முறை இறக்கி, ஆண்டு-மாதம்-தேதி, பார்ட்டி பெயர், பில் எண் என்ற வரிசையில் பெயர் வைத்துச் சேமியுங்கள். ஆண்டை முன்னால் போட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தேதி வரிசையில் அடுக்கிவிடும்.

முதலாளி கூப்பிடுவது வேறு விஷயம். ‘முடியாது’ என்று சொல்ல முடியாது, ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் போட்டு எழுவதும் சரியில்லை. கையில் இருப்பதைச் சொல்லி நேரம் கேளுங்கள்: ‘சார், 3பி ஒப்பிட்டுட்டு இருக்கேன். அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட் நாலு மணிக்குக் கொடுத்தா போதுமா, இல்ல இதை நிறுத்திட்டு இப்பவே எடுக்கட்டுமா?’ பத்தில் எட்டு முறை நாலு மணி போதும் என்றுதான் பதில் வரும். அவசரம் என்றாலும் பரவாயில்லை. எதை நிறுத்தினோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

2பி ஒப்பிடல்: மாதத்தின் மிகப்பெரிய நேரத்திருடன்

14-ம் தேதி 2பி வந்த பிறகு ஒப்பிடத் தொடங்கி, இல்லாத பில்களுக்குச் சப்ளையரை விரட்டுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அதற்குள் 11-ம் தேதி போய்விட்டது. அந்த மாதத்துக்கு அவர் இனி எதுவும் செய்ய முடியாது, அடுத்த மாதம்தான். விரட்ட வேண்டிய நாள்கள் 8, 9, 10. சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் பில்லைச் சேமித்ததுமே, தாக்கல் செய்வதற்கு முன்பே, அது போர்ட்டலில் உங்கள் ஐஎம்எஸ் (உங்களுக்கு வந்த பில்களை நிர்வகிக்கும்) பக்கத்தில் தெரியத் தொடங்கும். 2024 அக்டோபரில் வந்த இந்த வசதியைப் பில்லை ஏற்க, நிராகரிக்க மட்டும் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். முன்கூட்டியே எட்டிப் பார்க்கும் ஜன்னலாகவும் அது உதவும். 9-ம் தேதி அதை இறக்கி, வரித்தொகை பெரியதாக உள்ள முதல் பத்து கொள்முதல் பில்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லாதவர்களுக்குப் பில் எண்ணும் தேதியும் தொகையுமாக ஒரு செய்தி. ‘எங்க பில்லைப் போட்டாச்சா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘போட்டாச்சு சார்’ என்று பொதுவாகவே பதில் வரும்.

ஒப்பிடும்போது நேரம் எங்கே போகிறது? பில் எண்ணில். சப்ளையர் ஐஎன்வி/0045/25-26 என்று போட்டிருப்பார், நம் ஆள் டாலியில் 45 என்று அடித்திருப்பார். எக்ஸெல் இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும். பில்லில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடிப்பது ஒன்றே நிரந்தரத் தீர்வு. அதுவரை, பில் எண்ணை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு முந்தைய தொகையையும் சேர்த்து ஒரு சாவி நெடுவரிசை உருவாக்குங்கள். தொகையை ரூபாய்க்கு முழுமையாக்கிவிட்டால் பைசா வித்தியாசம் தொல்லை தராது. இரண்டு தாளிலும் அதே சாவி; ஒரு தாளின் சாவி மற்றதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண கவுன்ட்இஃப் சூத்திரம். ஒன்று வந்தால் பொருந்தியது, பூஜ்யம் வந்தால் இல்லை, இரண்டு வந்தால் ஒரே தொகையில் இரண்டு பில் இருக்கிறது அல்லது நாமே இரண்டு முறை பதிவு செய்திருக்கிறோம். மிஞ்சுபவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள், அதையும் வரித்தொகை இறங்குவரிசையில். டாலி பிரைமிலேயே 2பி ஒப்பிடும் வசதி உண்டு. ஜிஎஸ்டி எண்களும் பில் எண்களும் சரியாக ஏறியிருந்தால் எக்ஸெலே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. போர்ட்டலிலோ வங்கியிலோ இறக்கிய சிஎஸ்வி கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து திறக்காதீர்கள். 0045 என்பது 45 ஆகும். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் மூலமும் போச்சு. டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

தாக்கல் செய்யும் நாள்

2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து 3பி-யில் விற்பனை வரியைக் கையால் மாற்ற முடியாது. ஜிஎஸ்டிஆர்-1-ல் போட்டதே வந்து உட்காரும். தவறு இருந்தால் 3பி போடுவதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் வழியாகத் திருத்த வேண்டும். எனவே 9-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போடும் முன் செலவழிக்கும் அரை மணி நேரம் 18-ம் தேதியைக் காப்பாற்றும்: பில் எண் வரிசையில் ஓட்டை இருக்கிறதா, டாலி விற்பனை மொத்தமும் போர்ட்டல் மொத்தமும் ஒன்றா, கிரெடிட் நோட் விட்டுப்போனதா, ஏற்றுமதி பில்லில் ஷிப்பிங் பில் எண் இருக்கிறதா.

17-ம் தேதி மாலை, முதலாளிக்கு நான்கு வரி அனுப்புங்கள்: மொத்த வரி, கழிக்கக் கிடைக்கும் கிரெடிட், ரொக்கமாகக் கட்ட வேண்டியது, எந்தக் கணக்கிலிருந்து. அவர் பணம் ஒதுக்க ஓர் இரவு கிடைக்கும். சலானை அன்றே உருவாக்கி வைக்கலாம், 15 நாள் வரை செல்லும். ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலைப்புகளில் தொகை சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். தலைப்பு மாறிக் கட்டினால் பிஎம்டி-09 என்ற படிவம் வழியாக மாற்றலாம்தான், ஆனால் அந்தப் பதற்றம் எதற்கு?

பணம் கட்டுவது 18 காலை, தாக்கல் மதியத்துக்குள். கையெழுத்து யாரிடம் இருக்கிறது என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். தனி உரிமையாளரும் பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மை நிறுவனமும் ஓடிபி வழியாகத் தாக்கல் செய்யலாம். அது பதிவு செய்த கையெழுத்ததிகாரியின் போனுக்குத்தான் போகும். பிரைவேட் லிமிடெடும் எல்எல்பியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருக வேண்டும். அந்த டோக்கன் பல இடங்களில் ஆடிட்டரின் மேஜை டிராயரில்தான் தூங்குகிறது. காலாவதி தேதியைச் சிவப்புப் பேனா தாளிலேயே எழுதி வையுங்கள். புதுப்பிக்க இரண்டு நாளாவது கையில் வேண்டும்.

ட்ரயல் ஒத்துப்போகாதபோது

ட்ரயல் பேலன்ஸில் பற்று, வரவு மொத்தங்கள் சேராதபோது, வித்தியாசத்தைத் தேடி மொத்த லெட்ஜரையும் டிக் அடித்துக்கொண்டு போவது கடைசி வழி. முதலில் வித்தியாசத் தொகையையே பாருங்கள். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,430-க்கு 4,530 அடித்தால் வித்தியாசம் 900. இரட்டைப்படை என்றால் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கும். அதே தொகையாகவே ஒரு பதிவு இருந்தால் அது விட்டுப்போனது அல்லது இரண்டு முறை ஏறியது. 17 ரூபாய் 70 பைசா, 5 ரூபாய் 90 பைசா மாதிரி வந்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பிடித்த வங்கிக் கட்டணம். சப்ளையர் லெட்ஜரில் சரியாக 1 அல்லது 2 சதவீத வித்தியாசம் என்றால் டிடிஎஸ் பதிவை அவர் போடவில்லை. இந்த ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். இவற்றில் சிக்காததை மட்டும் மாதவாரியாகப் பிரித்து, எந்த மாதக் கடைசியில் இருப்பு கடைசியாக ஒத்துப்போனது என்று பின்னோக்கிப் போங்கள்.

மேஜை, கருவி

டாலியில் மவுஸைத் தொடுகிறவர்கள் தினமும் அரை மணி நேரத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். எஃப்4 முதல் எஃப்9 வரை வவுச்சர் வகைகள் கை பழகியிருக்கும். அதிகம் பேர் பயன்படுத்தாதவை இவை: ஆல்ட்+ஜி எந்த ரிப்போர்ட்டுக்கும் நேராகத் தாவ, ஆல்ட்+2 டே புக்கில் பழைய வவுச்சரை நகலெடுக்க, ஆல்ட்+சி பதிவின் நடுவிலேயே புதிய லெட்ஜர் உருவாக்க, கன்ட்ரோல்+ஏ கடைசிவரை என்டர் தட்டாமல் சேமிக்க. மாத வாடகை, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போன்றவற்றை ஆல்ட்+2-ல் எடுத்துத் தேதியை மாற்றினால் முடிந்தது. கூடவே பில் எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள், நகலெடுப்பதில் நடக்கும் வழக்கமான தவறு அதுதான்.

லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் தனியாக எண் பலகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேல்வரிசை எண்களில் நாளெல்லாம் தொகை அடிப்பது தவறுக்கும் தோள்வலிக்கும் வழி. ஒப்பிடும் வேலைக்கு இரண்டாவது மானிட்டர் ஆடம்பரமில்லை. அலுவலகத்தில் மூலையில் கிடக்கும் பழைய மானிட்டரே போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், முழங்கை மேஜை மட்டத்தில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். கொண்டுவரும் டீக்காகக் காத்திருக்காமல் எழுந்துபோய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் பதிவை நிறுத்துங்கள். ரொக்கத்தை எண்ணி பெட்டி கேஷ் நோட்டோடு ஒத்துப்பார்த்து, டாலி பேக்கப்பை வேறு டிரைவில் எடுத்து, நாளை முதலில் செய்ய வேண்டியதை எழுதி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

வழக்கம் செல்லாத மாதங்கள்

ஜனவரியில் இந்தத் தாளை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். 2பி வரும் 14-ம் தேதியும் பிஎஃப் கெடுவான 15-ம் தேதியும் பொங்கல் விடுமுறையோடு மோதும். ஊருக்குப் போனவர்கள் 18, 19-ல்தான் திரும்புவார்கள், மறுநாள் 3பி. பிஎஃப், இஎஸ்ஐயை 10-ம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதற்கு டிசம்பர் சம்பளக் கணக்கு 4-ம் தேதிக்குள் முடிய வேண்டும் என்று வருகைப் பதிவு பார்ப்பவரிடம் கிறிஸ்துமஸ் வாரத்திலேயே சொல்லிவையுங்கள். 3பி-க்கான பணத்துக்கு ஒப்புதலும் முதலாளி ஊருக்குப் போகும் முன்பே வாங்கி வைக்கலாம், தோராயத் தொகையாக இருந்தாலும். கூடுதலாகக் கட்டியது போர்ட்டலில் உள்ள ரொக்க லெட்ஜரில் அடுத்த மாதத்துக்கு நிற்கும். கெடு நாள் விடுமுறையில் வந்தால் தானாகத் தள்ளிப்போகும் என்று நம்பி இருக்காதீர்கள்.

தீபாவளி மாதத்தில் போனஸ் கணக்கு தனியாக ஒரு வாரத்தைக் கேட்கும். அந்த மாதம் சப்ளையர் பேமென்ட் நாளை வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். ஏப்ரலில் ஒரு சலுகை உண்டு: மார்ச்சில் பிடித்த டிடிஎஸ்ஸை ஏப்ரல் 30 வரை கட்டலாம். அதனால் ஏப்ரல் முதல் வாரத்தைப் புதிய பில் எண் வரிசை தொடங்குவதற்கும், மார்ச் 31 ஸ்டாக் பட்டியலில் கையெழுத்து வாங்குவதற்கும், ஆண்டுக் கடைசி இருப்புச் சான்றுகளுக்கு வங்கியில் எழுதிக் கொடுப்பதற்கும் ஒதுக்குங்கள். ஸ்டாக் பட்டியலை மே மாதத்தில் கேட்டால் கோடவுன்காரர் மனக்கணக்காகத்தான் எழுதிக் கொடுப்பார்.